கிராணிக்குக் காலில் கட்டி

6 மார்ச் 1978, திங்கள்

இன்றைக்கும் செல்லையா என் கூடைக்குள் கையை விட்டுக் கிளறி, "முத்தல் இலை" என்று இரண்டு கைப்பிடி எடுத்து எல்லார் முன்னாலும் தரையில் போட்டான். காலையிலிருந்து மழை. ரெயின்கோட்டுக்குள்ளே தண்ணீர், காலெல்லாம் அட்டைக்கடி. இவன் நிறுவைக் கொட்டகையில் காய்ந்த சட்டையோடு உட்கார்ந்துகொண்டு என் கொழுந்துக்கு வயசு பார்க்கிறான். "ஐயாவுக்கு இலையோட பொறந்த தேதிகூடத் தெரியும் போல" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தான். நாளைக்கும் கழிப்பான். கழிக்கட்டும்.

வாயை மூடு, வாயை மூடு என்கிறார் இவர். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக இதே பாட்டு. கருப்பையா என்று ஒரு மனுஷன் இந்த வீட்டில் இருப்பதே அவர் இருமினால்தான் தெரியும். அவர் பேசமாட்டார், நானும் பேசக்கூடாது என்றால் சுவரா பேசும்? அதற்குத்தான் இந்த நோட்டு. இதில் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் காது வலிக்காது.

கிராணி நொண்டுகிறான். வலது முன்னங்கால். தூக்கிப் பார்த்தால் விரலிடுக்கில் மிளகு அளவுக்கு ஏதோ தடிப்பு. இவர், "மருவா இருக்கும், விடு ருக்கு" என்றார்.

ஒன்று எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கே குழம்பும். இந்த நோட்டில் கிராணி என்றால் நாய். தேயிலைக் காட்டுத் தண்ணீர்க் கானில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வளர்த்தேன். நிறுவைக் கொட்டகையில் எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருத்தியையும் தலையிலிருந்து கால் வரை பார்க்கும். வேலை ஒன்றும் செய்யாது. வேறென்ன பேர் வைப்பது? பெண்கள் எல்லாரும் கிராணி என்றுதான் கூப்பிடுகிறோம். எஸ்டேட் கணக்கு எழுதுகிற நிஜக் கிராணி காதில் விழும்படி கூப்பிட்டால் மட்டும் மணி. அந்த ஆளை இங்கே செல்லையா என்றே எழுதுவேன். நேரில் ஐயா போடுகிறது போதாதா, என் நோட்டிலுமா?

9 மார்ச், வியாழன்

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன். நக்கித் தின்றுவிட்டது.

14 மார்ச், செவ்வாய்

சுண்டைக்காய் அளவு ஆகிவிட்டது. மயிர் உதிர்ந்து சிவப்பாக மினுமினுக்கிறது. பக்கத்து வீட்டு வேலாயி, தலைமுடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் விழுந்துவிடும் என்றாள். கட்டப் போனேன். என்னைப் பார்த்து உறுமிற்று. என்னை! இதுவரை என்னைப் பார்த்து ஒரு முறைகூட உறுமியதில்லை. அவ்வளவு வலி.

வேலாயியின் மாமியார், "புள்ள இல்லாதவளுக்கு நாய்தான் புள்ள" என்று யாரிடமோ சொல்வது சுவர் வழியாகக் கேட்டது. ஆமாம், நாய்தான் பிள்ளை. இப்போது என்ன? கிழவி பெற்ற பிள்ளைகளை விட இது சொன்னபடி கேட்கிறது.

15 மார்ச், புதன்

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. கோபத்தையெல்லாம் ஒரு நாள் தள்ளி வைக்கலாம்.

வேலாயி தன் மகளின் இருமலுக்கு மருந்து வாங்க எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்படியே அங்கே மருந்து கொடுக்கிற டிரசரிடம் சொல்லிக் கட்டிக்கு ஏதாவது மருந்து வாங்கிவரச் சொன்னேன். டிரசர் கந்தசாமி வந்து ஒரு மாசம்தான் ஆகிறது. வேலாயி போய் நின்று, "டிரசரே, கிராணிக்குக் கால்ல கட்டி. பெருசா ஆயிருச்சு. ருக்கு அக்கா மருந்து கேட்டுச்சு" என்றிருக்கிறாள். பாவம், அந்த மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு நேரே செல்லையா வீட்டுக்கு ஓடியிருக்கிறார். இவளுக்கு விஷயம் புரிந்து பின்னாலேயே ஓடுவதற்குள், அங்கே டிரசர் மண்டியிட்டு உட்கார்ந்து, "ஐயா, காலைக் காட்டுங்க. ஏன் இத்தனை நாள் சொல்லலை?" என்கிறாராம்.

செல்லையா இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, முகமெல்லாம் வெளுத்துப்போய், "யாரு சொன்னா? எவ சொன்னா உனக்கு?" என்று கத்தினானாம். "ருக்கு அக்கா" என்றாராம் டிரசர். அப்போதுதான் வேலாயி மூச்சு வாங்க, "நாய்! ஐயா, நாய்க்கு!" என்று உள்ளே நுழைந்திருக்கிறாள். எந்த நாய், என்ன பேர், யார் வைத்தது எல்லாம் அங்கேயே அவிழ்ந்துவிட்டது.

சாயங்காலம் லைன் வீடுகள் முழுக்க இதே பேச்சு. இவர்கூடச் சிரித்தார்.

16 மார்ச், வியாழன்

நிறுவையில் எல்லார் முன்னாலும் கேட்டான். "உன் நாய் பேரு என்ன?"

"மணிங்கையா."

"நேத்து வரைக்கும்?"

பேசாமல் இருந்திருக்கலாம். "நேத்து வரைக்கும் கிராணி. ஐயாவுக்குப் பிடிக்கலைன்னா செல்லையான்னு மாத்திடறேன் லா" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வை — சும்மா கோபம் இல்லை அது. நான் அவன் வீட்டுக்குள் புகுந்து எதையோ திருடிவிட்ட மாதிரி பார்த்தான். ஒரு நாய்ப் பேருக்கா இவ்வளவு?

27 மார்ச், திங்கள்

எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு முடித்ததும் செல்லையா ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தான். ஏப்ரல் பதினேழாம் தேதி நாய் சுடுகிறவர்கள் வருகிறார்கள். லைசன்ஸ் வில்லை இல்லாத நாயைச் சுடுவதற்குக் கட்டி வைக்க வேண்டும். வில்லை இருந்தாலும் சிரங்கு, புண், கட்டி உள்ள நாய் என்றால் அதையும் கட்டி வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நோய் பரவுகிறதாம். பிறகு லிஸ்ட். முதல் பேரே, "ருக்குமணி வீட்டு நாய். கட்டி."

"நாசமாப் போறவனே" என்று வாய் வரை வந்தது. இவர் என் கையைப் பிடித்து நசுக்கினார். விரலில் இன்னும் வலி இருக்கிறது.

வில்லை வாங்கி வருஷா வருஷம் கழுத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். யாரையும் கடித்ததில்லை. கட்டி இருக்கிறது, அதனால் சுட வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த எஸ்டேட்டில் எத்தனை பேரைச் சுட வேண்டும்? நேரே சொல்லேன்டா, பேருக்காகச் சுடுகிறேன் என்று!

29 மார்ச், புதன்

துரை பங்களா வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். துரை நல்லவர்தான், கேட்டார். கட்டி தொற்றுநோய் இல்லை என்று மிருக டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வா, லிஸ்டிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். கும்பிட்டேன். படியிறங்கும்போது பின்னாலிருந்து, "கடிதத்தைக் கிராணிகிட்டக் கொடு, அவர் பார்த்துப் பேரை அடிச்சிடுவார்" என்றார்.

அவர் பார்த்து அடிச்சிடுவார்! அடிக்கத்தானே காத்திருக்கிறான்.

இந்த மலையில் மிருக டாக்டர் எங்கே இருக்கிறார்? மனுஷ டாக்டருக்கே தானா ராத்தா போக வேண்டும். மலைக்குக் கீழே தாப்பாவில் ஒருத்தர் வெள்ளிக்கிழமை வருவார் என்கிறார் கந்தசாமி. அவருக்கு என்னைப் பார்த்தால் ஒரு மாதிரி குற்ற உணர்ச்சி. ஊதா மருந்து கொடுத்தார்.

2 ஏப்ரல், ஞாயிறு

கிராணியையும் கூட்டிக்கொண்டு ரிங்லெட் டவுனுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக்குக் கேட்டேன், தாப்பா பஸ்காரன் நாயை ஏற்றமாட்டேன் என்றுவிட்டான். கட்டி இருக்கிறதைப் பார்த்து ஒரு அடி தள்ளி வேறு நின்றான். மூசா அண்ணன் கடையில் போய் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில்தான். எனக்குக் கோபம் வந்தாலும் கண்ணில் தண்ணீர்தான் வருகிறது, பார்க்கிறவர்கள் தப்பாக நினைக்கிறார்கள்.

"தங்கச்சி, என் வேன்ல நாயை ஏத்த முடியாது, எங்க மார்க்கம் உனக்கே தெரியும்" என்றார் மூசா அண்ணன். "ஆனா ஆ சோங் முட்டைக்கோஸ் லோரி வெள்ளிக்கிழமை காலையில கீழ எறங்குது. அவன் வீட்டுல மூணு நாய். நான் சொல்றேன் லா. மொதல்ல தேத்தண்ணி குடி."

மூசா அண்ணனும் மனுஷன், செல்லையாவும் மனுஷன்.

7 ஏப்ரல், வெள்ளி

முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் நானும் கிராணியும். அத்தனை வளைவிலும் வாந்தி எடுத்தது நான், நாய் இல்லை. தாப்பாவில் என்ன புழுக்கம்! எப்படித்தான் இருக்கிறார்களோ.

மிருக டாக்டர் ஒரு சிங். மலாயில் பேசினார். நாயின் பேர் என்ன என்றார். கிராணி என்றேன். மலாயிலும் அதே சொல்தானே, பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு காலை அழுத்திப் பார்த்து ஊசி போட்டார். கிராணி தூங்கிவிட்டான். என்னைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். எலுமிச்சங்காய் அளவுக்கு இருந்ததை அறுத்துத் திறந்தார். உள்ளே சீழ், சதை, அதற்கும் உள்ளே கறுப்பாக ஒரு சிராய். அரை விரல் நீளம். கழுவித் தட்டில் போட்டார்.

தேயிலைக் கட்டை. பார்த்ததும் தெரிந்தது. கவாத்து வெட்டிய காட்டில் கட்டைகள் ஈட்டி மாதிரி நிற்கும். இவர் கவாத்து வேலைக்குப் போகும்போதெல்லாம் பின்னாலேயே ஓடுகிறது அல்லவா, குத்தி உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது. நோயும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எஸ்டேட் கட்டை எஸ்டேட் நாயைக் குத்தியது, எஸ்டேட்டே அதைச் சுடப்போகிறது!

கடிதம் கொடுத்தார். சீல் போட்டு, கையெழுத்துப் போட்டு. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வாசித்துக் காட்டினார். கிராணியின் காலில் இருந்த கட்டி நீக்கப்பட்டது. தொற்றுநோய் எதுவும் இல்லை. மனிதர்களோடு இருக்கலாம்.

10 ஏப்ரல், திங்கள்

கடிதத்தைக் கொடுத்தேன். செல்லையா படித்தான். பாதியில் அவன் காது சிவந்தது. கடிதத்தில்தான் பேர் போட்டிருக்கிறதே — கிராணியின் கால், கிராணிக்கு நோய் இல்லை என்று. அதை நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக இல்லை.

"கிண்டல் பண்றியா?"

"டாக்டர் எழுதினதுங்கையா."

கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினான். "இந்தக் கடுதாசி பேராக் சூராட். தாப்பா பேராக்குல இருக்கு. நீ இருக்கிறது பகாங் மாநிலம். நாய் பகாங் நாய். பகாங் டாக்டர்கிட்ட வாங்கிட்டு வா."

மலை பகாங்கில், மலைக்கு ஏறுகிற ரோடு பேராக்கில். இங்கே அரிசி வருவது பேராக்கிலிருந்து. சுடுகிறவன் தோட்டா எங்கிருந்து வருகிறதாம்? பகாங் டாக்டருக்கு நான் எங்கே போவேன்? கீழே இறங்கி, ஊரைச் சுற்றி, ரவுப் டவுனுக்குப் போய்ச் சேர ஒரு நாள் ஆகும். எந்த லோரிக்காரன் நாயோடு ஏற்றுவான்? அவனுக்கும் இது தெரியும். தெரிந்துதான் சொல்கிறான். துரையிடம் போகலாம் என்றால் துரை லீவில் பினாங்கு போயிருக்கிறார், இருபதாம் தேதிதான் வருவார்.

வெளியே வரும்போது சொன்னான். "என் வீட்டு வாசல்ல வந்து, செஞ்சது தப்புன்னு சொல்லு. அப்புறம் பார்க்கலாம்."

11 ஏப்ரல், செவ்வாய்

போக மாட்டேன்.

12 ஏப்ரல், புதன்

"ஒரு வார்த்தை ருக்கு. தப்புன்னு ஒரு வார்த்தை. நாக்கு தேஞ்சா போயிரும்?" என்றார் இவர். இத்தனை நீளமாக இவர் பேசி நான் கேட்டதில்லை. தேயாது. அறுந்து விழும்.

கிராணி கட்டுப்போட்ட காலை என் மடியில் வைத்துத் தூங்குகிறது. இன்னும் ஐந்து நாள்.

13 ஏப்ரல், வியாழன்

போனேன்.

நாளைக்குச் சித்திரை ஒன்று. வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தப்புங்கையா. தெரியாமச் செஞ்சிட்டேங்கையா. ஐந்து மணி இருக்கும். முன் கதவைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிற அரவம் கேட்டது. பின்பக்கம் சுற்றிப் போனேன். அடுப்படிக் கதவு திறந்திருந்தது.

முதலில் நாற்றம் வந்தது.

செல்லையா முக்காலியில் உட்கார்ந்திருந்தான். இடது கால் வெந்நீர்ச் சட்டிக்கு மேலே. அவன் மனைவி இராசம்மா தரையில் உட்கார்ந்து துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலுக்குக் கீழே குழி. என் கட்டைவிரல் உள்ளே போகும். சுற்றிலும் கறுப்பு. துணி ஒட்டிக்கொண்டு சதையோடு வருகிறது, அவன் முகத்தில் வலியே இல்லை. இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி வந்த கால் அப்படித்தானாம், வலிக்காதாம்.

என்னைப் பார்த்ததும் இராசம்மா துணியால் காலை மூடினாள். பிறகு அவன் சொன்னான். "பார்த்துட்டல்ல. போ. லைன்ல போய்ச் சொல்லு, கிராணிக்குக் கால்ல கட்டின்னு. இந்தத் தடவை நெசந்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரசர் வந்து காலைக் காட்டச் சொன்ன அன்றைக்கு, நான் எப்படியோ கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். அத்தனை கோபமும் பேருக்காக இல்லை. பயம். "ரிட்டயராக இன்னும் மூணு வருஷம் இருக்கு ருக்கு" என்று இராசம்மா அழுதாள். "கால் இப்படின்னு தெரிஞ்சா வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிடுவாங்க. வீட்டைக் காலி பண்ணணும். அதான் டிரசர்கிட்டக்கூடக் காட்ட மாட்டேங்கறாரு. நீயாச்சும் அந்த டிரசர்கிட்ட —"

"சும்மா இருடி!" என்றான்.

தப்பு என்று சொல்லத்தான் போனேன். வார்த்தை நுனி நாக்கில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "நாயை லிஸ்டுலேர்ந்து அடிங்க. நான் வாய் திறக்க மாட்டேன்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சத்தியமா?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

ஆபீஸ் பையை எடுத்து வரச் சொன்னான். ஈரக் கையோடு பேனாவைத் திறந்து, முதல் வரியை என் கண் முன்னால் அடித்தான். வாழைப்பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜெயித்துவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் குடுமி என் கையில். இவரிடம் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும்.

17 ஏப்ரல், திங்கள்

ஏழு வெடிச் சத்தம். கிராணி கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. வேலாயியின் கறுப்பு நாயும் போய்விட்டது, காதில் சிரங்கு. வில்லை இருந்தது அதற்கும்.

"உன் நாயை மட்டும் எப்படிக்கா விட்டாங்க?" என்றாள்.

"தாப்பாக் கடிதம்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல்.

8 மே, திங்கள்

கிராணியின் புண் மூடிவிட்டது. பழையபடி நிறுவைக் கொட்டகையில் போய் உட்காருகிறது.

செல்லையா முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருகிறான். வெயில் அடிக்கிற நாளிலும். "ஐயா மீன் பிடிக்கப் போறாரு" என்று பெண்கள் சிரிக்கிறார்கள். நான் முதல் ஆளாகச் சிரிக்க வேண்டியவள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. கூடையைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

என் கொழுந்தை இப்போது கிளறுவதே இல்லை. அப்படியே நிறுத்து எழுதிவிடுகிறான். எரிச்சலாக வருகிறது. முன்னே மாதிரி எடுத்து வீசினாலாவது நாலு வார்த்தை கேட்கலாம்.

23 மே, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு இருமல் மருந்து வாங்கப் போனேன். கந்தசாமி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "அக்கா, அன்னைக்கு நான் தப்பா அவர் வீட்டுக்குப் போனேன்ல, அவர் காலை மறைச்சது எனக்கு இன்னும் உறுத்துது. இப்ப பூட்ஸ் வேற. கேட்டா அடிக்க வர்றாரு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அவர் பொண்டாட்டியா?" என்று கத்தினேன். கத்த வேண்டிய அவசியமே இல்லை. அவர் பயந்துபோய்ச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கேட்கிறவர் அவனைக் கேட்க வேண்டும், அல்லது அவன் மனைவியைக் கேட்க வேண்டும். என்னை எதற்குக் கேட்பது? சொன்னால் வேலை போகும், வீடு போகும். அவனே வேண்டாம் என்றுதானே சத்தியம் வாங்கினான்? வாங்கினானா, நான் கொடுத்தேனா? அவன் கேட்பதற்கு முன்னாலேயே நான்தான் சொன்னேன். ஐயோ, என்ன எழவு இது. தூங்கப் போகிறேன்.

12 ஜூன், திங்கள்

பெரட்டில் பேர் வாசித்துக்கொண்டிருந்த செல்லையா "சரோஜா" என்று கூப்பிட்டு, திரும்பவும் "சரோஜா" என்று கூப்பிட்டு, அப்படியே சரிந்தார். காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. கந்தசாமி பூட்ஸை இழுத்துக் கழற்றினார். சுற்றி நின்றவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். நான் போகவில்லை. எனக்கு அந்த நாற்றம் பழக்கம்.

கந்தசாமி தலை நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை.

தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து ஈப்போவுக்கு.

20 ஜூன், செவ்வாய்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"போன மாசம் தெரிஞ்சிருந்தாக்கூட விரலோட போயிருக்கும் அக்கா" என்றார் கந்தசாமி. அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தூக்கி எறிந்தேன். குழம்பு வைத்ததே நான்தான். இவர் தட்டைப் பொறுக்கி வைத்துவிட்டு, "என்னன்னு சொல்லு" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். வாழைப்பழம், சட்டி, சத்தியம் வரை. தரையில் சிந்தின குழம்பைத் துடைத்தார். பிறகு, "ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவியே ருக்கு" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆமாம். வாயாடி, வாய்க்காரி, வாயை மூடத் தெரியாதவள், இந்த லைனில் எல்லாரும் சொல்வது அதுதானே. ஒரே ஒரு தடவை மூடினேன். இதற்கா மூடினேன்? அந்தம்மா என்னிடம்தானே கேட்டாள், நீயாச்சும் என்று. அவள் வாயை அவன் அடைத்தான், என் வாயை யார் அடைத்தது? கிராணியைப் பார்த்தாலே கோபம் வருகிறது. அது என்ன செய்யும் பாவம், வாலை ஆட்டுகிறது.

27 ஆகஸ்ட், ஞாயிறு

புதுக் கிராணி நாளைக்கு வருகிறார். அதனால் இன்றைக்குச் செல்லையா வீடு காலி செய்தார். கோலா தெர்லாவில் இராசம்மாவின் தம்பி காய்கறித் தோட்டத்தில் ஒரு அறை கொடுத்திருக்கிறாராம். ஆ சோங் லோரிதான் வந்தது. லைனிலிருந்து உதவிக்கு யாரும் போகவில்லை. கூடையைக் கொட்டினவனுக்கு யார் மூட்டை தூக்குவார்கள்? இவரும் நானும் போனோம்.

அம்மிக்கல், அலமாரி, சாமி படம், அண்டா. தூக்கிக்கொண்டே இருந்தேன். இராசம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அண்டாவைப் பிடிக்கப் போனால் அவர் வேறு எதையாவது எடுக்கப் போய்விடுவார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்படியே ஏற்றி முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்றிருந்தேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செல்லையா கூப்பிட்டார். "ருக்குமணி, இங்க வா."

போய் நின்றேன். கைத்தடி இரண்டும் மடியில். கால்சட்டையின் ஒரு பக்கத்தை மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

"கருப்பையா, நீயும் கேளு" என்றார். "உன் பொண்டாட்டிய நான் என்னென்னமோ சொல்லியிருக்கேன். ஆனா இந்த எஸ்டேட்லயே சொன்ன சொல்லக் காப்பாத்துனது இவ ஒருத்திதான். ரெண்டு மாசம். ஒரு வார்த்தை வெளிய விடல. நான் விழுற வரைக்கும் நிமிர்ந்து நின்னேன்னா அது இவளால."

இராசம்மா அலமாரிச் சாவியைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏதாவது சொல்லு, சொல்லு என்று எனக்குள்ளே அடித்துக்கொள்கிறது, ஒரு வார்த்தையும் வரவில்லை.

செல்லையா இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார்.

பதினெட்டு வருஷமாக என்னைத் திட்டின மனுஷன். இன்றைக்கும் திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?